என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்

நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம். காலிங் பெல் அடித்தது. என் வீட்டில் அது அடிப்பதே அபூர்வம். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் உற்சாகமாகவே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் போலீஸ்காரர்!

பதறாதீர்கள்... பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன். மஸ்கட்டில் இருக்கும் என் மகளுக்குத் தை மாதம் பிரசவம். அவள் அம்மா இருந்திருந்தால் அம்மா போயிருப்பாள். இப்போது நான்தான் போக வேண்டும். அறுபத்து மூன்று வயதில் முதல் பாஸ்போர்ட்.

டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

"சார், உங்க மேல ஒரு கேஸ் நிக்குதே?"

"என் மேலயா?"

"திண்டிவனத்துல. ரோடு மறியல். பன்னெண்டு வருஷமா பெண்டிங்ல கிடக்குது. அது முடியாம நான் ஓகே போட முடியாது சார்."

மிச்ச டீயை அவர் குடிக்கவில்லை. குற்றவாளி வீட்டு டீ என்று நினைத்தாரோ என்னவோ!

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார். பக்கத்துக் கிராமத்தின் காலனி ஜனங்கள் வேலைக்குப் போக பைபாஸைக் குறுக்கே கடந்தாக வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போன கலா என்ற பெண்ணை ஒரு லாரி அடித்துவிட்டது. அந்த இடத்தில் சப்வே வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். ரோட்டில் உட்காரலாம் என்று சொன்னவனும் நான்தான். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பத்தொன்பது பேர் உட்கார்ந்தோம். வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். சென்னை ஹைகோர்ட்டில் மனு போட்டு வழக்கையே ரத்து செய்துவிடலாம் என்றார். எஃப்ஐஆர் நகலை வாங்கிப் படித்தவர் சிரித்தேவிட்டார்.

"மறியல் கேஸ்ல இவ்ளோ சுத்தமா பேரு நான் பார்த்ததே இல்ல சார். நாலு பேரை எழுதி, 'மற்றும் பலர்'னு முடிச்சிடுவாங்க. இதுல அப்பா பேரு, வயசு, கதவு எண் எல்லாம் இருக்குது. யாரு சார் குடுத்தது?"

யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மண்டபத்தில் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்த பிறகு, எஸ்.ஐ. ஒரு பேப்பரை என்னிடம் நீட்டினார். "வாத்தியார்தான நீங்க? எல்லார் பேரையும் எழுதிக் குடுத்துடுங்க." வாத்தியார் கையில் பேப்பரும் பேனாவும் கிடைத்தால் என்ன ஆகும்? அட்டெண்டன்ஸ் எடுப்பது போல வரிசையாக எழுதினேன். சேகர் என்ற பையன், என் பழைய மாணவன், "முருகன்" என்று பெயர் சொன்னான். "டேய், உன் பேரு சேகர் ஆச்சே?" என்று திருத்தி எழுதினேன். அவன் ஏன் மாற்றிச் சொன்னான் என்று யோசிக்கக்கூட இல்லை. போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தானாம்! பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

"எல்லாரும் சேர்ந்து மனு போட்டா நல்லது சார். முழு கேஸும் போயிடும்" என்றார் வக்கீலம்மா. சரி என்று ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தேன். நாலு பேர் இறந்துவிட்டார்கள். சிலர் பெங்களூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். சிலர் "பழசை ஏன் சார் கிளர்றீங்க?" என்று போனை வைத்துவிட்டார்கள். சேகருக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும் "ராங் நம்பர்" என்றான். மூன்று வருடம் என் வகுப்பில் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

கடைசியாக அஞ்சலை. செத்துப்போன கலாவின் அக்கா. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கும் வேலை என்று கேள்விப்பட்டுப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டது.

"வாங்க சார்! இன்னா சார், இப்டி எளச்சிப் பூட்டீங்க?"

என்னைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! விஷயத்தைச் சொல்லி, கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டினேன். அஞ்சலை வாங்கவில்லை.

"அந்த கேஸு இல்லாமப் பூடுமா சார்?"

"ஆமாம்மா. முழுசா ரத்தாயிடும்."

"அதுல எங்க கலா பேரு இருக்குதா?"

இருந்தது. 'கலா என்பவர் இறந்ததைக் கண்டித்து சட்டவிரோதமாகக் கூடி' என்று இருந்தது. படித்துக் காட்டினேன்.

"லாரிக்காரன் கேஸு எப்பவோ முடிஞ்சி பூட்ச்சி. சப்வே வந்துச்சி, ஜனம் போய்க்கினு வந்துக்கினு கீது. அதுல போறவங்கள்ல எவனுக்கு சார் எங்க கலாவைத் தெரியும்? அவளுக்கோசரம் பத்தொம்பது பேரு குந்தினோம்னு அந்த ஒரு காயிதத்துலதான் எழுதிக்கீது. அது இருக்கட்டும் சார். நான் இன்னா, பாஸ்போர்ட்டா எடுக்கப் போறேன்?"

கோர்ட், செக்‌ஷன், ரெக்கார்டு என்று நான் பாடமாக வைத்திருந்ததெல்லாம் அந்த வெங்காயக் குவியல் முன்னால் எடுபடவில்லை. அரைகுறையாகக் கேட்டேன்... "அப்போ... என் பேரை மட்டும்?"

"எடுத்துக்கோங்க சார். பொண்ணாண்ட போவணும் இல்ல? நீங்க எழுதின லிஸ்டுதான, நீங்களே அடிச்சிக்கோங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்த முகமாகச் சொன்னது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிச் சாப்பாடும் போட வைத்தது. விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, காற்றும் நன்றாகத்தான் வந்தது. எனக்கு மட்டும் யாரையோ நடுரோட்டில் உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது. மாதிரி என்ன... அதைத்தானே செய்திருக்கிறேன்!

போன வாரம் ஆர்டர் வந்தது. மனுதாரரைப் பொறுத்தவரை மட்டும் வழக்கு ரத்து. வக்கீலம்மா வாழ்த்துச் சொன்னார். மகள் போனில் "அப்பா, எல்லாம் கிளியர் ஆயிடுச்சா?" என்றாள். "ஆயிடுச்சும்மா, என் பேரே இல்ல" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கெல்லாம் வேறு யாரிடமும் நான் பேசவில்லை, பேச ஆளும் இல்லை.

அதே போலீஸ்காரர் நேற்றுக் காலை மறுபடி வந்தார். இந்த முறை டீயை முழுசாகக் குடித்தார்.

"எல்லாம் ஓகே சார். தெருவுல உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு கையெழுத்து போடணும். அவ்ளோதான்."

நல்லாத் தெரிந்தவர்களா? ஆறு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். முகங்கள் தெரியும். தலையாட்டுவோம். என்னை நன்றாகத் தெரிந்த பதினெட்டுப் பேர் இருந்தார்கள்... அவர்களை இவர் முன்னால் எப்படி நிறுத்துவது?

நான் விழிப்பதைப் பார்த்துப் போலீஸ்காரரே வெளியே போய், எதிர்வீட்டு ரிட்டயர்டு ரயில்வேக்காரரையும் இஸ்திரி வண்டிக்காரரையும் கூட்டி வந்தார். இரண்டு பேரும் தங்கமானவர்கள். தயங்காமல் பேனாவை வாங்கினார்கள். 'இவரைப் பல வருடங்களாக நன்கு அறிவேன், நன்னடத்தை உள்ளவர்' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

ரயில்வேக்காரர் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார்.

"சார்... உங்க பேரு இன்னா சொன்னீங்க?"