கண்ணாடி அறைக்குள் நின்ற எச்சரிக்கை

அன்றைக்கு ஆபீஸில் இருந்தவர்கள் மூன்று பேர். நான். கண்ணாடி அறைக்குள் முதலாளி. மூன்றாவது, ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் சார்; போனில் மட்டும்தான் இருந்தார் என்றாலும் நாள் முழுக்க என் காதிலேயே குடியிருந்ததால் அவரையும் ஆளாகச் சேர்த்துக்கொள்கிறேன். டிரைவர் ஒருவர் உண்டு. அவர் ஆபீஸில் இல்லை, ஹார்பருக்குப் போகும் சாலையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே லோடோடு நின்றிருந்தார். டீக்கடைக்காரர் வந்து கிளாஸை எடுத்துப் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவு சுத்தமாக ஆள் கணக்கு சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்பாடு முதலாளி இந்தக் கதையைப் பல பேரிடம் சொன்னார், ஒரு தடவைகூட அந்த அறைக்குள் தான் இருந்ததாகச் சொல்லவில்லை.

திருவொற்றியூரில் லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் எங்களுடையது. லாரி எங்கள் முதலாளியுடையது, சரக்கு வேறொரு பெரிய கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் ஹெட் ஆபீஸ் ஊரின் மறுகோடியில், ஏசி போட்ட ஏதோ ஒரு மாடியில் இருக்கிறது. கன்டெய்னர் ஹார்பருக்குள் போக வேண்டுமென்றால் வண்டி எண்ணையும் கன்டெய்னர் கதவில் போட்ட சீல் எண்ணையும் நான் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் கேட் பாஸ் வரும். அதை டிரைவருக்கு வாட்சப்பில் அனுப்புவேன். இவ்வளவுதான் என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதுவே அதிகம் என்று முதலாளி சம்பள நாள்தோறும் ஞாபகப்படுத்துவார்.

அவர்கள் கம்ப்யூட்டருக்குள் சும்மா போய்விட முடியாது. விபிஎன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவே வெளியாள் எட்டிப் பார்க்க முடியாத குழாய் ஒன்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று லேப்டாப்பைக் கொடுக்க வந்தவர் சொன்னார். குழாய் என்றால் கசியும் என்று தெரிந்த ஊர்க்காரி நான். அன்றிலிருந்தே எனக்கு அதன் மேல் பயம். பொதுவாகவே நான் பயந்தவள்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சீல் எண்ணை ஒரு தடவை அடித்துவிட்டு, விரல் வைத்து இன்னொரு தடவை படிப்பேன். இதைப் பார்த்து முதலாளி சிரிப்பார். நான் வந்ததிலிருந்து ஒரு எண்கூடத் தப்பாகப் போனதில்லை என்பது மட்டும் அவருக்குச் சிரிப்பாக இருக்காது.

அன்று காலையிலிருந்து குழாய் திறக்கவில்லை. பாஸ்வேர்டு போட்டேன், போனுக்கு வந்த நம்பரைப் போட்டேன். 'கனெக்டிங்' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே களைத்து நின்றது. மறுபடி போட்டால் மறுபடி சுற்றியது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கன்டெய்னர் ஏற வேண்டிய கப்பலுக்கு கேட் மூடிவிடுவார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி சொன்னார்: "ஆறு மணிக்குள்ள வண்டி உள்ள போவலன்னா பாத்துக்க. வெயிட்டிங் சார்ஜு, அடுத்த கப்பல் வர்ற வரிக்கும் யார்டு வாடகை, எல்லாம் உன் சம்பளத்துலதான் புடிப்பேன்." சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் சாருக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஒரு வார்னிங் வரும். அதுல எஸ் குடுங்க."

"வரலை சார்."

"வரும் மேடம்."

"வட்டம்தான் சுத்துது சார். வேற ஒண்ணும் வரலை."

"அப்போ பின்னாடி ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் மினிமைஸ் பண்ணிப் பாருங்க."

எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். பின்னால் ஹெட் ஆபீஸார் போட்டுக்கொடுத்த கப்பல் படம் இருந்தது. "கப்பல் படம்தான் சார் இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அவருக்குச் சம்பளமே அந்தப் பெருமூச்சுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆல்ட் என்ற பொத்தானையும் டேப் என்ற பொத்தானையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்றில் மஞ்சள் முக்கோணம் போட்ட பெட்டி தெரிந்தது. கையை எடுத்ததும் காணாமல் போனது.

"பாத்தீங்களா, இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா இல்லை."

சிரித்தார். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் நான் சொன்னதை அப்படியே சொல்லி, அவரையும் சிரிக்க வைத்தார். பிறகு கேட்டார், "மேடம் என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"அதான்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நான் செய்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். விபிஎன்னைக் கழற்றி மாட்டினேன். நேரத்தைச் சரிபார்த்தேன். அவர் ஒவ்வொன்றையும் கடைசி வழி என்றே சொன்னார். எதுவும் சரிவராதபோது, "உங்க ஏரியா நெட் அப்படி" என்றார். ஏதாவது ஓடவில்லையென்றால் காரணம் வடசென்னை. இதற்கு அவர் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

நடுவில் டிரைவர் போன் செய்தார்.

"அக்கா, முன்னாடி கொஞ்சம் வண்டிதான் கீது. சீட்டு இல்லாம நான் போய் நின்னா ஓரங்கட்டிடுவானுங்க."

"வந்துடும்ப்பா."

"காலையிலேர்ந்து இதத்தான் சொல்லிகினு கீற."

அவர் கோபப்பட்டதில் தப்பில்லை. இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்தேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளத்தில் எதைப் பிடிப்பார், எவ்வளவு பிடிப்பார், வீட்டு வாடகையை என்ன சொல்லித் தள்ளிப்போடுவது என்று மனது அதுபாட்டுக்கு ஓடியது.

"வேற நெட் இருந்தா ட்ரை பண்ணுங்க" என்று கம்ப்யூட்டர் சார் சொன்னதால், முதலாளியின் போனிலிருந்து நெட் கேட்கலாம் என்று கண்ணாடி அறைக்குள் போனேன். ஓவர் முடிந்து விளம்பரம் போட்டார்கள். முதலாளி ரிமோட்டை அமுக்கினார்.

அந்த டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவர் வாங்கியது மேட்ச் பார்க்க அல்ல, அப்படித்தான் சொல்வார். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் மேப்பைப் பெரிதாகப் போட்டு, வருகிறவர்களை அசத்துவதற்காக வாங்கினார். அதற்காக என் லேப்டாப்பிலிருந்து தடுப்புக்கு மேலே ஒரு ஒயர் போகிறது. லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்த டிவி அதன் இரண்டாவது திரை. டிவி தொங்குவது எங்களுக்கு நடுவில் இருக்கும் தடுப்பில், அவர் நாற்காலியைப் பார்த்தபடி. என் இடத்திலிருந்து பார்த்தால் டிவியின் முதுகும் தடுப்பைத் தாண்டிப் போகும் ஒரு ஒயரும்தான் தெரியும். மேட்ச் நாட்களில் மேப்பை மாற்றிக் கேபிளைப் போட்டுக்கொள்வார். விளம்பரம் வந்தால் மேப்புக்கு மாறி, லாரியைக் கவனிக்கிற முதலாளி ஆகிவிடுவார்.

மேப் வந்தது. மேப்புக்கு நடுவே, எண்ணூரை மறைத்துக்கொண்டு, மஞ்சள் முக்கோணம் போட்ட பெட்டி நின்றது.

நான் டிவியைக் காட்டினேன். "சார், இது..."

"இதுவா? காலையிலேர்ந்து வருது. மேப்ப மறைச்சிகினு நிக்குது. இன்னா பேஜாரு புடிச்ச டிவின்னு மாத்திடுவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"டிவியப் பத்தி உன்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்?"

காலையிலிருந்து ஊரின் மறுகோடியில் ஒருவர் தேடிய பெட்டி, ஒவ்வொரு ஓவருக்கும் ஒருமுறை இந்த மனிதர் முகத்துக்கு நேராக வந்து நின்றிருக்கிறது. அவர் அதை ரிமோட்டால் விரட்டியிருக்கிறார்.

போனில் விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டர் சார் உடனே கட்சி மாறினார். "டிவி கனெக்ட் பண்ணியிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே மேடம்."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

"சரி சரி, எஸ் குடுங்க."

பெட்டியில் இருந்த இங்கிலீஷை விரல் வைத்துப் படித்தேன். அந்தப் பக்கம் இருப்பது யார் என்பதற்கான சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, நம்ப முடியாது, ஆனாலும் தொடரலாமா என்று கேட்டது.

"காலாவதின்னு போட்டிருக்கு சார். அந்தப் பக்கம் நீங்கதானா, வேற யாராவதா?"

"படிக்காதீங்க மேடம். அமுக்குங்க."

படிக்கக் கூடாது என்றால் அதை எதற்கு எழுதினார்கள்? தேதி முடிந்த பால் பாக்கெட்டைக் கொடுத்தால் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறோம். இங்கே படித்தவர்கள் ஒரு கம்பெனி முழுக்க உட்கார்ந்துகொண்டு, தேதியைப் பார்க்காதே, குடி என்கிறார்கள். பயத்தில் எனக்கு எங்கிருந்தோ பிடிவாதம் வந்தது. நீங்கள்தான் என்று தெரியாமல் அமுக்க மாட்டேன் என்றேன். அவர் யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"நாங்கதான் மேடம். ரினியூ பண்ண விட்டுப்போச்சு. மத்த பிராஞ்ச் எல்லாம் காலையிலேயே எஸ் குடுத்துட்டுப் போயிட்டாங்க. யாருமே கேக்கலை."

யாருமே கேட்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னார். அதையே வாட்சப்பில் எழுதி அனுப்பச் சொல்லி, வந்த பிறகுதான் மவுஸைப் பிடித்தேன்.

மவுஸ் என்னிடம், பெட்டி தடுப்புக்கு அந்தப் பக்கம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பேட்டரி செத்துப் பல நாளாகிறது, சார்ஜர் ஒயரை எடுத்தால் அணைந்துவிடும். முதலாளி எழுந்து நின்றார். "நான் சொல்றேன், நீ நவுத்து" என்றார். அவர் இந்தத் தொழிலுக்குக் கிளீனராக வந்தவர். டிரெய்லருக்குப் பின்னால் நின்று ரிவர்ஸ் சொல்லியே காலம் போனவர். வண்டி பாடியைத் தட்டுவதுபோலக் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்.

"வரட்டும், வரட்டும், வரட்டும். லெஃப்டு ஒடி."

இடது பக்கம் நகர்த்தினேன்.

"எங்க போற? லெஃப்டு ஒடின்றேன்."

"லெஃப்டுலதான் சார் போறேன்."

"ஒடிக்கிறது லெஃப்டு, வால் போவ வேண்டியது ரைட்டு. டிரெய்லர் ரிவர்ஸ் பாத்ததே இல்லியா நீ?"

டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் வால் வலது பக்கம் போகும். அது உண்மை. மவுஸுக்கு வால் மட்டும்தான் இருக்கிறது, ஸ்டியரிங் இல்லை என்பதை அவருக்கு விளக்க நேரமில்லை. அவர் லெஃப்டு என்றால் ரைட்டு என்று மனதில் மாற்றிக்கொண்டு நகர்த்தினேன். சரியாகத்தான் போனது. பெட்டிக்குள் வந்துவிட்டேன் என்றார். எஸ், நோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்றார். கடைசி நேரத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ, மவுஸுக்கு மரியாதை கொடுத்து நேராகவே சொல்லிவிட்டார்.

"லெஃப்டு. இன்னும் தம்மாத்தூண்டு லெஃப்டு."

நான் வலது பக்கம் நகர்த்தினேன்.

"ஹோல்டான். அமுக்கு."

எழுத்தைப் பார்த்தாரா, வெறும் அம்புக்குறியைப் பார்த்தாரா, அது அவருக்கே வெளிச்சம். அமுக்கினேன்.

"பொட்டி போச்சு" என்றார் சந்தோஷமாக, ரிமோட்டை எடுத்து மேட்சுக்கு மாறிவிட்டார். என் திரையில் 'இணைப்பு ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. நாங்கள் அமுக்கியது நோ.

மறுபடி பாஸ்வேர்டு. மறுபடி போனுக்கு நம்பர். அது கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டுத்தான் வந்தது. வட்டம் சுற்ற ஆரம்பித்தபோது கம்ப்யூட்டர் சார் கொட்டாவி விட்டபடி சொன்னார், "மேடம், அந்த டிவி ஒயரைப் புடுங்கிடுங்களேன். பெட்டி உங்க ஸ்கிரீனுக்கே வந்துடும்."

ஒயரைப் பிடுங்கினேன். பெட்டி என் முன்னால் வந்து நின்றது. இது பத்து நிமிடத்துக்கு முன்னால் அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே மேடம்" என்றார்.

எஸ் கொடுத்தேன். வண்டி எண், சீல் எண் ஏற்றினேன். அப்போதும் விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன், படிக்காமல் என்னால் முடியாது. கேட் பாஸ் வந்தது. டிரைவருக்கு அனுப்பினேன். அவர் கூப்பிட்டார்.

"அக்கா, கேட்டு சாத்திட்டாங்க. இப்ப வந்து இன்னாத்த அனுப்பிகினு கீற?"

கப்பல் கன்டெய்னர் இல்லாமல் போனது. வெயிட்டிங், யார்டு வாடகை எல்லாம் சேர்த்து முதலாளிக்குப் பதிமூன்றாயிரத்து எண்ணூறு ரூபாய் பில் வந்தது. சொன்னபடி என் சம்பளத்தில் மூன்று மாதமாகப் பிடித்து முடித்தார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றியது அது ஒன்றுதான். பெட்டி உங்கள் டிவியில்தானே நின்றது என்று கேட்டேன். "டிவி என்னுது, பொட்டி உன்னுது" என்றார். இதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று அவரே ரசித்துத் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு ஹெட் ஆபீஸிலிருந்து, சான்றிதழைப் புதுப்பிக்காதது தங்கள் தவறு என்று பில்லில் பாதியை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இது கம்ப்யூட்டர் சார் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளியிடம் கேட்டேன். வேட்டி மடிப்பிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு எடுத்து, பொங்கல் இனாம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கியதற்கு நன்றி சொல்லவில்லை.

டிவி ஒயரை அவர் மறுநாளே மாட்டச் சொல்லிவிட்டார், லாரிகள் தெரிய வேண்டுமாம். தினமும் காலையில் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் பாஸ்வேர்டு போடுகிறேன். பெட்டி வந்தால் முழுக்கப் படிக்கிறேன். மாதம் பிறந்தால் கண்ணாடிக் கதவைத் தட்டி, "சார், அந்தப் பணம்" என்கிறேன். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார். ஹெட் ஆபீஸ் திருப்பிக் கொடுத்த பாதி என்னுடையது, பில்லின் மறுபாதியும் அவர் பார்த்த மேட்சுக்கு ஆன செலவுதான் என்பது என் கணக்கு. எனவே பாதி என்ற பேச்சே இல்லை. இன்னும் வர வேண்டியது பன்னிரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.