அவருடைய இடப்பக்கம்

நேவியில காயப்பட்டு வீட்டுக்கு வந்த என்ர மனிசருக்கு இடது கண் தெரியாது. குடலிலயும் ஒரு துண்டை வெட்டி எடுத்தாச்சு. திண்டது வயித்தில தங்காது. இந்த உடம்பில நூத்துக்கு எத்தனை வீதம் பழுதெண்டு மெடிக்கல் போட் டொக்டர்மார் திரும்பவும் பார்க்கப் போறாங்களாம். வீதம் குறைஞ்சால் மாதாமாதம் வாற கொடுப்பனவு நிண்டு போகும். அதிலதான் எங்கட அடுப்பு எரியுது.

அதுக்குப் போற அண்டைக்கு விடிய எழும்பிப் பார்த்தால், உடுக்கிற சேட்டை அயன் பண்ணி, சப்பாத்தை மினுக்கிக்கொண்டு நிக்கிறார். சாப்பாடும் வேண்டாமாம். கிண்ணியாவில இருந்து டவுனுக்குப் போற பஸ்ஸுக்குள்ள வயிறு குழம்பினால் மானம் போயிடுமாம். வெளிக்கிடுற எந்த நாளும் இந்தப் பட்டினிதான். எனக்குக் கோபம் ஏறிச்சுது.

"கலியாணத்துக்கா போறீங்க? வெறும் வயித்தோட போய் நிண்டா உங்கட வருத்தம் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சும்மா இரு புள்ள," எண்டார்.

டவுன் ஆசுப்பத்திரியில டொக்டர் வயிறு எப்பிடியெண்டு கேட்டார். இவர் நெஞ்சை நிமித்தி, "பிரச்சினை இல்லை சேர்!" எண்டார். அல்லாவே! மேலதிகாரி ஆர் கேட்டாலும் இவருக்கு அந்த ஒரு மறுமொழிதான் தெரியும். பிறகு நான்தான் வெக்கத்தை விட்டு, சாப்பிட்ட கையோட கக்கூசுக்கு ஓடுறதில இருந்து எல்லாத்தையும் சொன்னன். டொக்டர் எழுதினார். இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்தது கண். அறையின்ர மற்றப் பக்கத்துக்கு நடக்கச் சொன்னார் டொக்டர். என்ர கால் தன்ர பாட்டில இவருடைய இடப்பக்கம் போச்சுது. ரோட்டிலயும் கடையிலயும் எண்டைக்கும் நான் அந்தப் பக்கம்தான். தோளால மெல்லத் தட்டினால் விலகுவார். ஊரில பாதிப் பேருக்கு இவருடைய கண் விசயமே தெரியாது.

"நீங்க வர வேண்டாம், அதிலயே நில்லுங்க," எண்டார் டொக்டர்.

இவர் தனிய நடந்தார். இடப்பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்துது. வாய்க்குள்ள வந்த சத்தத்தை விழுங்கிப் போட்டு நிண்டன். முழங்கால் அடிபட்டு, ஸ்டூல் உருண்டு, இவர் சுவரைப் பிடிச்சுக்கொண்டார். உடனே இடப்பக்கம் கழுத்தை முழுசாத் திருப்பி என்னைத் தேடினார்.

வீதம் குறையாது எண்டு டொக்டர் சொல்லிப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கேக்க இவர் கேட்டார்: "ஸ்டூலைக் கண்டனீதானே?"

"ஓம், கண்டனான்."

இவர் குனிஞ்சு முழங்காலைத் தடவினார்.

"நீ பக்கத்தில நிண்டு நிண்டு, எனக்கு எவ்வளவு தெரியேல்ல எண்டு எனக்கே தெரியாமப் போச்சு புள்ள."

இடப்பக்கத்தால ஒரு ஓட்டோ வந்துது. தோளால தட்டினன், விலகினார்.