திரும்பாமல் நின்ற நாட்கள்

பள்ளியிலேயே எனக்குத்தான் சாக்பீஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். "உங்க மூணாங்கிளாஸு புள்ளைங்க அதத் திங்குதுங்களா டீச்சர்?" என்று தலைமை ஆசிரியை கேலி செய்வார். காரணத்தை நான் சொன்னதில்லை. வெளியே தெரிந்தால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயம்.

குரல் ஒரு சிறுமியுடையது. அவள் அப்பா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் அச்சில் பொம்மை வார்ப்பவர். அவள் விரல் இடுக்கிலும் வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கும். புத்தகத்தை நீட்டினால் வாயே திறக்க மாட்டாள். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். ஒருநாள் நான் பலகையில் எழுதிய வரியைப் பின்னாலிருந்து யாரோ மெல்லப் படித்தார்கள். திரும்பினேன். அவள்தான். உடனே நிறுத்திவிட்டாள். அதன் பிறகு நான் திரும்பவே இல்லை. தேவையில்லாததையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தேன். முதலில் தட்டுத் தடுமாறியும், பிறகு தடுமாறாமலும் எல்லாவற்றையும் படித்தாள்.

அந்த ஆண்டுதான் ஆசிரியர்களை அளக்க ஒரு செயலி வந்தது. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்களோ அதுதான் எங்களுக்கு மார்க். ஐந்து பேரை அதுவே பொறுக்கும்; வெளியிலிருந்து வரும் ஒருவர் அவர்களைப் படிக்கச் சொல்லிப் போனில் பதிவார். டீச்சர் வெளியே நிற்க வேண்டும். எனக்கு மார்க் ஆசை வந்துவிட்டது. முந்தைய நாள் எல்லோரிடமும் சொன்னேன்: "சார் மூஞ்சியப் பாத்து சத்தமா படிக்கணும்." அவளிடமும் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் பெயர் வந்தது. சொன்னபடியே வந்தவர் முகத்தைப் பார்த்தாள். வாய் பூட்டிக்கொண்டது. வராந்தாவில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று அவள் பார்க்கும்படி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது, ஓர் எழுத்துப் பிசகாமல்.

"சார், படிக்கிறா கேளுங்க!"

"அடுத்த புள்ளைக்குப் போயிட்டேங்க டீச்சர். இதுல திரும்ப மாத்த முடியாதுங்க," என்றார். பாவம், வருத்தமாகத்தான் சொன்னார். அவள் பெயருக்கு நேரே 'எழுத்து தெரியாது' என்று விழுந்திருந்தது.

என் மார்க் குறைந்தது, அது கிடக்கட்டும். அடுத்த மாதமே அவள் அப்பாவுக்கு வேப்பூர் ரோட்டோர ஓட்டலில் வேலை கிடைத்து, குடும்பம் போய்விட்டது. அந்தப் பதிவும் அவளோடு போனது. அங்கே உள்ள டீச்சருக்குப் போன் செய்தேன்.

"எழுத்தே தெரியாதுன்னு போட்டிருக்குதே டீச்சர். அ, ஆ எழுதுற புள்ளைங்களோட உக்கார வச்சிருக்கேன்."

"ஒரே ஒரு தடவ, போர்டுல எதையாச்சும் எழுதிட்டுத் திரும்பாம நில்லுங்க."

"முதுகக் காட்டிக்கிட்டு நின்னா கிளாஸு என்னாவறது?" என்று சிரித்தார். பார்க்கிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை.

அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன், சொல்ல வெட்கமில்லை. பலகையில் ஒரு வரி எழுதி முடித்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பின்னாலிருந்து கேட்கிறார்கள்: "என்னா டீச்சர், அடுத்தது மறந்துட்டீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். சொல்லாமல், திரும்பாமல், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.