ரப்பர் உதைத்த உதை

சினிமாவில் ஹீரோதான் பறந்து அடிக்கிறார் என்று நம்பும் அப்பாவிகளுக்கு ஒரு சேதி: பறப்பது அவருக்கு டூப் போடும் ரப்பர். எங்கே தூக்கிப் போட்டாலும் எழுந்து வந்துவிடுவதால் சண்டைக்காரர்கள் வைத்த பெயர். முட்டி தேய்ந்தாயிற்று, தோளில் கம்பி வைத்தாயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அன்று காலையிலிருந்தே மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டிப் பட்டையைக் கட்டுவார், அவிழ்ப்பார். டீயை வாங்கி எங்காவது வைத்துவிட்டு மறந்துபோவார். கிடங்கு செட்டில், மாடிக்குக் கீழே குவித்திருந்த அட்டைப் பெட்டிகளை ஓயாமல் போய் அழுத்திப் பார்ப்பார்.

படம், கடத்தல் கும்பலுக்குள் மாறுவேஷத்தில் புகுந்த போலீஸ்காரனின் கதை. சந்தேகப்பட்ட தலைவன், பிடித்து வந்த ஒரு கல்லூரிப் பையனைக் காட்டி, மாடியிலிருந்து உதைத்துத் தள்ளு என்கிறான். அது போலீஸ்காரனின் சொந்த மகன். போலீஸ்காரனுக்கு டூப் ரப்பர். மகனுக்கு டூப், வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்ல, ரப்பர் பெற்ற பிள்ளையே. தொழிலுக்கு வந்து அவனுக்கு இதுதான் முதல் ஷாட்.

"அம்மாகிட்ட என்னடா சொன்ன?"

"மெத்தைல விழறேன்னு சொல்லியிருக்கேன். நீங்க உளறி வைக்காதீங்க."

முதல் டேக்கில் ரப்பரின் கால் கடைசி நொடியில் தளர்ந்துவிட்டது. உதை வாங்குகிறவன் வருகிற வேகத்தை நம்பித்தான் பின்னால் பாய்வான். வேகம் வராததால் பிள்ளை விளிம்பில் இடுப்பை இடித்துக்கொண்டு பெட்டிக் குவியலின் ஓரத்தில் போய் விழுந்தான். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் வெறும் சிமெண்ட் தரை.

ஃபைட் மாஸ்டர் அவரைத் தனியே இழுத்துப் போனார். "பாசத்தை வீட்டுல வச்சிட்டு வாய்யா. நீ பாவம் பார்த்தா அவன் கழுத்து முறியும்."

அடுத்த டேக்கில் முழு வேகத்தில் உதைத்தார். பிள்ளை அழகாகப் பறந்து நட்டநடுவில் விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மானிட்டரைப் பார்த்த டைரக்டர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை விழுந்ததுமே ரப்பர் திரும்பி எட்டிப் பார்த்திருக்கிறார். ஹீரோ முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பரின் முகம், பேயறைந்த மாதிரி. இத்தனை வருஷமாகக் கேமராவுக்கு முதுகைக் காட்டியே பிழைத்தவர், கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பைச் செய்துவிட்டார்.

பிள்ளை இடுப்பைத் தேய்த்துக்கொண்டே மேலே ஏறி வந்தான்.

"நீங்க ஒருவாட்டி திரும்பிப் பார்த்தா, நான் இன்னொருவாட்டி விழணும்ப்பா."

அவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுபடியும் உதைத்தார். உதைத்த கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் நொறுங்கின. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கேமரா அவர் முதுகிலேயே நின்றது. டைரக்டர் கட் சொல்வேனா என்றார். பாவி மனுஷன், சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே ரப்பர் அசையாமல் நின்றார்.

கட் வந்தது. கைதட்டலும் வந்தது. விளக்குகளைக்கூட அணைத்தார்கள். ரப்பர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். திரும்பினால் என்ன பார்க்க நேருமோ என்ற பயத்தில் கால் வரவில்லை.

"அப்பா," கீழேயிருந்து குரல் வந்தது. "கட் சொல்லிட்டாங்க. இப்ப பாருங்க."