முடிந்து வைத்த சீனி

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எங்கள் உறவினர்களின் சட்டம். பிணம் வாசலைத் தாண்டும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது. அதை எழுதிவைத்தவர் எவருமில்லை. மீறியவரை மன்னித்தவரும் எவருமில்லை. அந்தச் சட்டத்தின் முன்னால் என் தாய் கிடந்த கிடப்பை இன்று நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைக்கு அடங்காத வகை. தினமும் விடியலில் கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, தன் தொடையில் தானே குத்திக்கொள்வாள். குத்திய பின் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் வேர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். அப்போது சீனிதான் மருந்து என்று டாக்டர் எனக்கும் சேர்த்தே சொல்லிவைத்திருந்தார். அதற்காகவே சேலைத் தலைப்பில் ஒரு பொட்டலம் சீனியை அவள் எப்போதும் முடிந்துவைத்திருப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஒருநாள் அவள் ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன் அமர்ந்த வேளையில் அவனியாபுரத்திலிருந்து ஆள் வந்தது. அவளுடைய அண்ணன், என் தாய்மாமன், போய்விட்டார். இட்லி தட்டிலேயே கிடந்தது. என் கையைப் பிடித்திழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாமனின் தலைமாட்டில் அமர்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வெயில் ஏறியது. திடீரென அவள் குரல் நின்றது. நெற்றியெல்லாம் வேர்வை. கண் சொருக, அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"கூடப் பொறந்தவன்னா இப்படில்ல இருக்கணும்! அம்புட்டுத் துக்கத்தையும் உள்ளயே வச்சு அமுக்கிட்டா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாராட்டினார்கள்! ஒருத்தி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள்; சுற்றியிருந்தவர்கள் அவளுடைய பாசத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "பெரியம்மா, சீனி குடுங்க! அம்மாவுக்குச் சீனி வேணும்!"

அம்மாவின் அக்கா என்னை முறைத்தாள். "எழவு வீட்டுல இனிப்புக் கேக்குதா? அதுவும் சீனி வியாதிக்காரிக்கு! பெத்தவளையே கொல்லப் பாக்குறியாடி?"

"டாக்டர்தான் சொன்னாரு!"

"டாக்டரம்மா வந்திருக்காக, எந்திரிச்சு வழி விடுங்கடி" என்று கூட்டத்தில் ஒருத்தி சொல்ல, பிணத்தின் அருகிலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக்குத் தீட்டில்லை, சீனிக்குத்தான் தீட்டு.

அப்போதுதான் சேலைத் தலைப்பு நினைவுக்கு வந்தது. அது அவள் வலக்கைக்குள் இருந்தது. இறுகியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. பெரியம்மா என் முதுகில் அறைந்தாள்; நான் விடவில்லை. வேர்வையில் நனைந்து பிசுபிசுத்த சீனியை விரலால் எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே தேய்த்தேன். மீண்டும் தேய்த்தேன். நெடுநேரம் கழித்து அம்மா கண்ணைத் திறந்தாள்.

"அண்ணன்காரன் ஆத்மாதான் காப்பாத்திருச்சு" என்று பெரியம்மா பிணத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா மறுக்கவில்லை. உதட்டில் ஒட்டியிருந்த சீனியை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். மாலையில் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வாய் திறந்தாள்.

"இம்புட்டுச் சனத்துக்கு முன்னாலயா வாயில திணிப்ப?"

நன்றி சொல்லாத தாய்மீது எனக்கு அடங்காத கோபம். மயக்கத்தில் சீனியை மறந்துவிட்டாள், விரல்கள் நோயில் விறைத்துவிட்டன என்றே நான் நம்பினேன். மறந்தவளின் கை எப்படி அந்த முடிச்சைத் தேடிப் பிடித்திருக்கும், பாதிவரை அவிழ்த்திருக்கும் என்று கேட்க எனக்கு அன்று தெரியவில்லை. அவள் கைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு முழம் தூரம்தான். அந்த ஒரு முழத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது.