வில்மண்ட் அரசரின் சிரிப்பு

அரசர் மாளிகையில் பார்லி பியர் காய்ச்சும் தித்பர்க் யார் முன்னாலும் குரலைத் தாழ்த்தியதில்லை. இருபது வயதுவரை அவள் அடிமை. வில்மண்ட் அரசர் ஒருநாள் அவளை நாற்சந்தியில் நிறுத்தி, சாட்சிகள் முன்பு, "எந்த வழியில வேணும்னாலும் போ, தடுக்க ஆளில்ல" என்று விடுதலை தந்தார். அவள் நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு வந்த வழியிலேயே திரும்பி நடந்தாள். ஊறவைத்த பார்லி முளைவிட்டிருந்தது; கிளறாவிட்டால் கெட்டுவிடும். அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை விருந்துதோறும் நடித்துக் காட்டுவாள்.

வில்மண்ட் ஓர் ஆண்டுதான் ஆண்டார். சிலுவையை விட்டுவிட்டுப் பழைய தெய்வங்களுக்குக் குதிரை பலியிட்டவர், அடுத்த அறுவடைக்குள் போரில் விழுந்தார். பிறகு அவர் தம்பி வில்ஹெர் பதினெட்டு ஆண்டுகள் ஆண்டார். இப்போது ஆள்வது வில்ஹெரின் மகன்.

இந்த ஈஸ்டருக்கு முன், அரச வம்சப் பட்டியலைப் புதிதாக எழுதும் வேலை எங்கள் கன்னியர் மடத்துக்கு வந்தது. லத்தீன் தெரியும் என்பதால் என்னிடம் தந்தார்கள். மதம் மாறியவன் பெயர் கூடாது, அவன் ஆண்டைத் தம்பியின் ஆட்சியில் சேர்த்துவிடு என்பது ஆயரின் ஆணை. அப்படியே எழுதினேன்.

அரசரின் காரியக்காரர் பியோர்ன் அதைப் பிடித்துக்கொண்டார். வில்மண்ட் அரசனே இல்லையென்றால் அவன் தந்த விடுதலையும் இல்லை. தித்பர்க்கும் அவள் மகள் லேஃப்ரனும் மறுபடி அடிமைகள். பட்டியலை வாசிக்க என்னைச் சபைக்கு அழைத்தார்கள்.

"ஏ தித்பர்க், உன்னை விடுவிச்சது யாரு?" என்று கேட்டார் பியோர்ன்.

"அந்த வருஷத்து அரசரு."

"அப்படி ஒருத்தரே கிடையாது. பட்டியலைக் கேளு."

"கேட்டாப் போச்சு. வாசி அம்மாடி."

அரச வம்சத்தின் முதல் மூதாதை எனப்படும் பழைய தெய்வம் வோதனில் தொடங்கி, மகன், மகன் என்று இறங்கி வந்தேன்.

"வோதனைக் கும்பிட்டவருக்கு இடமில்ல, வோதனே பட்டியல் உச்சியில உக்காந்திருக்காரா? நல்லாத்தான் இருக்கு!" என்றாள். வீரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஆயர் தம் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிக்கு வந்தேன். "வில்ஹெர். பத்தொன்பது ஆண்டுகள்."

"பதினெட்டுத்தானே ஆண்டாரு?"

"அந்த ஓர் ஆண்டும் அவருடையதுதான்," என்றார் ஆயர்.

"சத்தியமாவா ஆண்டவரே?"

"சத்தியமாக."

தித்பர்க் அரசர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா மகராசா? அப்ப அந்த வருஷம் நாற்சந்தியில என்னை விட்டது உங்க அப்பாதான். அதே வருஷம் காரியக்காரரு வீட்டுக்கு ஆத்தோரப் புல்வெளியைக் குடுத்ததும் அவருதான். ரெண்டையும் சேத்தே ரத்து பண்ணுங்க, இல்ல ரெண்டையும் விட்டுடுங்க."

பியோர்னின் முகம் பார்க்கும்படி இல்லை. அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "எங்க அப்பா குடுத்தது குடுத்ததுதான். பியரை ஊத்து."

முதல் கோப்பையைக் காரியக்காரருக்கே ஊற்றினாள்.

ஈஸ்டர் விருந்தில் அவள் மறுபடியும் விலாவைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். யார் சிரிப்பு அது என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"வில்ஹெர் மகராசா சிரிப்பு," என்றாள், கண் இமைக்காமல்.

வில்ஹெர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்பது மாளிகைக்கே தெரியும்.