சண்டை கேமின் மூன்றாம் பாகமும் என் ரிப்பேர் கடையும்

கேம் கண்ட்ரோலர் ரிப்பேர் என்பது பாதி சால்டரிங், பாதி புலம்பல் கேட்பது. செல்போன் கடை, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் புண்ணியவான்களுக்கு இது நன்றாகவே தெரியும். பொருள் சீக்கிரம் சரியாகிவிடும். கொண்டுவந்த ஆள் சரியாகத்தான் அரை நாள் ஆகும்.

துடியலூரில் என் கடை. திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்கிற சண்டை கேம் ஒன்றுக்கு எங்கள் பக்கத்தில் பைத்தியமாய் அலைகிற கூட்டம் உண்டு. அதன் மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று அறிவித்ததும் ஆளாளுக்குக் கண்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடவே ஒரு கவலையும். நான் அந்த கேமை ஆடியதில்லை. இன்னும் வராத ஒன்றுக்காக இவ்வளவு கவலைப்பட என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒவ்வொருவரிடமும் கதை கேட்டேன்.

தோளை வைத்து ஆளைக் கண்டவர்

முருகேசன் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிறவர். நாற்பதைத் தாண்டியவர். அங்கே ரிப்பேருக்கு ஆள் கிடைக்காமல் இல்லை; அவர் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த கேமில் அவர் எப்போதும் எடுத்து ஆடுவது ஒரு தொந்திக்காரரை. 'பயில்வான்' என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். புதுப் பாகத்தில் பழைய ஆட்கள் சிலரைத் தூக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

செல்போனில் டிரெய்லரை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தி, என் மூக்குக்கு நேரே நீட்டினார். புகைக்குப் பின்னால் கறுப்பாக என்னவோ தெரிந்தது. "தூணா இருக்குமோ?" என்றேன். முகம் சுண்டிப்போய்ச் சொன்னார்: "ஏனுங்கம்மிணி, எங்க பயில்வான் தோளு எனக்குத் தெரியாதுங்களா? கண்ணாலத்துக்கு முன்னால எங்க ஊட்டுக்காரி போட்டோவக்கூட நான் இத்தன தடவ பாக்கலீங்க!"

ஒத்தப் பட்டன்

அடுத்த வதந்தி இன்னும் பெரியது. வரிசையாகப் பல பட்டன்களைத் தட்டி அடிக்க வேண்டிய கஷ்டமான அடிகளை எல்லாம், புதுப் பாகத்தில் ஒரே பட்டனை அமுக்கி அடித்துவிடலாமாம். வேண்டுமென்றால் அந்த வசதியை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பழையபடியே ஆடலாம்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் கார்த்திக்கு இது சொத்தைப் பங்கு போட்ட மாதிரி இருந்தது. "உனக்குப் பிடிக்கலைன்னா நீ எடுக்காதே, அவ்வளவுதானே?" என்று கேட்டது என் தப்பு. கட்டைவிரலை என் முன்னால் நீட்டி, காய்த்துப்போன இடத்தைக் காட்டினான். "இத்தன வருசமா விரலத் தேச்சுப்போட்டு நான் கத்துக்குவேன், நேத்து வந்தவன் ஒத்தப் பட்டன அமுக்கி என்னைய அடிப்பானுங்களாக்கா?"

செல்வராஜின் பெட்டி

செல்வராஜ் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர். தகடு வெட்டுகிற பவர் பிரஸ் மிஷினில் மாட்டி வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. மிச்சமுள்ள விரல்களுக்கு எட்டுகிற மாதிரி, ஒரு பெட்டியில் நான்கு பெரிய பட்டன்களைப் பதித்து நான்தான் செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்த்தி வீட்டு மாடியில் கூடி ஆடுகிற கோஷ்டியில் அவரும் ஒருவர். விபத்துக்குப் பிறகு தன்னை யாரும் 'பாவம்' என்று சொல்லாத ஒரே இடம் அந்த மாடிதான் என்பார்.

புதுப் பாகத்தில் கூடுதலாக இரண்டு பட்டன்கள் என்று செய்தி வந்த அன்று பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். இடது கைக்குத் திரையில் ஆளை நகர்த்தவே நேரம் சரியாக இருக்கிறது; வலது கையில் மிச்சமுள்ள விரல்கள் எல்லாம் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. இனி மாடிக்குப் போய் வேடிக்கைதான் பார்க்க வேண்டுமோ என்று பயந்துபோயிருந்தார். "அதான் ஒத்தப் பட்டன் வசதி வருதே, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி" என்றேன், பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. "அப்படி அடிச்சு நான் ஜெயிச்சாலும், பட்டன் ஜெயிச்சுதும்பாங்கக்கா. நான் ஜெயிச்சேன்னு ஆரு சொல்லுவாங்க?"

காலுக்கு ஒரு வேலை

ராத்தூக்கம் கெட யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்துக் கடை மணி அண்ணன் தையல் மிஷின் மெக்கானிக். மறுநாள் அவர் பனியன் கம்பெனியில் ஓடுகிற பவர் மிஷின் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முன்னங்காலால் மிதித்தால் தைத்தது. குதிகாலால் அழுத்தினால் நூலை வெட்டியது. ஒரு கால், இரண்டு வேலை. அட, நமக்கு வேண்டியதும் இரண்டுதானே!

பழைய பெடல் ஒன்றைக் கேட்டு வாங்கி, முன்னால் ஒரு சுவிட்ச், பின்னால் ஒரு சுவிட்ச் வைத்து, வயரைப் பெட்டிக்குள் இழுத்தேன். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மணி அண்ணன் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "சண்ட போடறதுக்குப் பெடலா? அப்பத் திருப்பூர் பனியன் கம்பெனில இருக்கற அத்தன பேரும் சாம்பியனுங்கம்மிணி!"

பயில்வான் வந்தார்

கேமும் வந்தது. முருகேசன் சொன்னது சரிதான். புகைக்குப் பின்னால் நின்றது பயில்வானேதான். சந்தோஷமாக இருப்பார் என்று போன் போட்டேன். துக்க வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார். "வந்துட்டாருங்க. ஆனா சர்க்கரை வந்த ஆளாட்ட இளச்சுப்போயிட்டாருங்கம்மிணி."

மாடியில் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை பெடலில் வயர் விட்டுப்போனால் பார்க்க ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி நானும் மாடி ஏறினேன். உண்மையில் வேடிக்கை பார்க்கும் ஆசைதான். பெடல் செல்லுமா செல்லாதா என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. ஒத்தப் பட்டன் இல்லாமல் ஆடினால் எதை மிதித்து ஆடினாலும் சரி என்று கார்த்தி தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவனே எதிராளியாகப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் ஆட்டம் கார்த்திக்கு. குதிகாலை அழுத்த வேண்டிய இடத்தில் செல்வராஜ் முன்னங்காலை மிதித்துவிட்டார். எனக்குத்தான் வியர்த்தது. இரண்டாவது அவருக்கு. மூன்றாவதில் கார்த்தி பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்தான். பட்டன் மேல் விரல் போவதைப் பார்த்தே அடியைத் தடுப்பது அவன் பழைய வித்தை. செல்வராஜின் கை அசையவே இல்லை. திரையில் கார்த்தியின் ஆள் மல்லாந்து விழுந்தான். மாடியே கத்தியது, நானும் கத்தினேன். செல்வராஜ் பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கையவே பாத்துட்டிருந்தானுங்கக்கா. அடி கால்ல இருந்து வந்துச்சுங்க!"

மூன்றாம் பாகம் வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று ஊரே பயந்தது. கெட்டது என் நிம்மதி மட்டும்தான், கார்த்தியில் தொடங்கிப் பத்து விரலும் சுகமாக இருக்கிற அத்தனை பேரும் இப்போது பெடல் கேட்டு வாசலில் நிற்கிறார்கள்.